இறைச்சி பழுப்பாவது எப்படி: கொழுப்பும் நொதியும் காட்டும் ஓர் எளிய சோதனை

இறைச்சியின் சிவப்பு ரத்தத்தால் வருவதன்று. தசைக்குள் ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் என்னும் புரதத்தால் வருவது. அதன் நடுவிலுள்ள இரும்பு ஓர் எலக்ட்ரானை இழந்தால் அது மெட்மயோகுளோபினாகிப் பழுப்பு நிறம் கொள்கிறது. இழந்ததைத் திருப்பித் தரும் நொதிகள், வெட்டிய இறைச்சியிலும் சில நாள்கள் இயங்குகின்றன. கொழுப்பின் ஆக்சிஜனேற்றம் இந்த மீட்பையே குலைக்கிறது.

முதல் படி: கொழுப்புக் கலந்த புதிய சிவப்பு இறைச்சியில் ஒரு துண்டை முழுதாக வைத்துக்கொண்டு, மீதியைக் கொத்துக்கறியாக்கி, அதில் பாதியில் மட்டும் 100 கிராமுக்கு 2 கிராம் வீதம் உப்பைக் கலக்கவும்.

இரண்டாம் படி: மூன்றையும் தனித்தனித் தட்டுகளில் தளர்வாக மூடி, 4 டிகிரி செல்சியசில் இரண்டு நாள்கள் வைத்து, ஒரே விளக்கொளியில் அவ்வப்போது நிறத்தையும் வாடையையும் குறித்துக்கொள்ளவும். பெரும்பாலும் உப்பிட்ட கொத்துக்கறியே முதலில் பழுப்பாகும்.

காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கொத்தும்போது செல் சவ்வுகள் கிழிந்து, அவற்றிலுள்ள நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் காற்றையும் இரும்பையும் சந்திக்கின்றன. அவை முதலில் பெராக்சைடுகளாகவும், பின்னர் உடைந்து காறல் வாடை தரும் ஆல்டிஹைடுகளாகவும் மாறுகின்றன. இவற்றுள் ஹைட்ராக்சிநோனெனால் என்பது மயோகுளோபினிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலப் பகுதிகளில் ஒட்டிக்கொண்டு அது பழுப்பாவதை விரைவுபடுத்துவதோடு, மீட்பு நொதிகளையும், அவற்றுக்கு எலக்ட்ரான் வழங்கும் என்ஏடிஹெச் என்னும் மூலக்கூறு உருவாக உதவும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதியையும் முடக்குகிறது. பழுப்பான நிறமியோ, அதாவது மெட்மயோகுளோபினோ, பெராக்சைடுகளுடன் வினைபுரிந்து கொழுப்பை மேலும் கெடுக்கிறது. உப்பு இந்தக் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுவதோடு நிறமியையும் நேரடியாகத் தாக்குவதால், முழுப் பழியையும் கொழுப்பின்மேல் போடுவது சரியன்று. உப்பிடாத கொத்துக்கறி ஒப்பீட்டுக்கு இருப்பது அதனால்தான்.

மூன்றாம் படி: பழுப்பேறிய மாதிரிகளைக் காற்றில்லாமல் இறுக்கமாகப் பையில் அடைத்து, மீண்டும் குளிரில் ஒரு நாள் வைக்கவும். நொதிகள் உயிர்ப்போடிருந்தால் நிறம் ஊதா கலந்த சிவப்புக்குத் திரும்பும். பையைத் திறந்து காற்றுப்பட விட்டால் அரை மணி நேரத்தில் செம்மை ஏறலாம். முழுத் துண்டில் இது நன்கு தெரியும், உப்பிட்டதில் மங்கலாகவே தெரியும் என்று எதிர்பார்க்கலாம்.

நிறம் மட்டுமே இறைச்சியின் பாதுகாப்பைச் சொல்லிவிடாது. நுண்ணுயிர்ப் பெருக்கம் வேறு கணக்கு. ஆகவே சோதனை மாதிரிகளைச் சமைக்காமல் அப்புறப்படுத்தி, தட்டுகளையும் கைகளையும் சோப்பு நீரில் கழுவவும்.