கல் பாலிஷ்: அதிர்வு இயந்திரங்களை ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்

கற்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் அதிர்வு இயந்திரம் வாங்கப்போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எது நல்லது என்பது. வாங்கிய சில வாரங்களில் அவர்களே கேட்பது, என்னுடையது ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்பது. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, உள்ளே கற்கள் எப்படி நகர்கின்றன என்று பார்க்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவு, வேகம், நாள் கணக்கு எல்லாவற்றையும் ஒப்பிடுகிறோம். இதை மட்டும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். பல வருடங்களாக வீட்டில் கற்களைத் தேய்த்து வருகிறேன். நல்ல இயந்திரங்களைக் குறை சொல்லி மூலையில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சுழல் இயந்திரத்தோடு நாள் கணக்குப் பார்ப்பது

சுழல் இயந்திரத்தில் உருளை சுற்றும்போது கற்கள் மேலேறிச் சரிகின்றன. அந்தச் சரிவில்தான் மூலைகள் உடைந்து கல் உருண்டையாகிறது. முரட்டுத் தூளில் தொடங்கிப் பாலிஷ் தூள் வரை நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம் என்று வைத்தால் ஒரு மாதம் ஓடிவிடும். அதிர்வு இயந்திரத்தில் இந்தச் சரிவு கிடையாது. கிண்ணம் முழுவதும் நடுங்குகிறது, கற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே மெல்லப் புரள்கின்றன. கட்டத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று நாள் போதும். ஆனால் கல்லின் வடிவம் பெரும்பாலும் போட்டபடியேதான் இருக்கும். கூர்மூலையோடு உள்ளே போன கல், பளபளக்கும் கூர்மூலையோடு வெளியே வரும்.

அதனால் "ஒரு மாத வேலை ஒரு வாரத்தில்" என்ற வாசகத்தைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். அந்த ஒரு வாரம், வடிவம் முடிந்த கல்லுக்கு. இந்த வேலையில் பழகியவர்கள் இரண்டையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். 60/90 எண் சொரசொரப்புத் தூளில் (எண் கூடக் கூடத் தூள் மென்மையாகும்) சுழல் இயந்திரம் எத்தனை வாரம் கேட்டாலும் கொடுத்து, கல் சரியான வடிவத்துக்கு வந்த பிறகு 120/220, 500, பாலிஷ் ஆகிய கட்டங்களை அதிர்வு இயந்திரத்துக்கு மாற்றுவார்கள். உங்களிடம் அதிர்வு இயந்திரம் மட்டும்தான் இருக்கிறது என்றால், ஆறோ கடலோ ஏற்கெனவே உருட்டி வைத்த கூழாங்கற்களைத் தேர்ந்தெடுங்கள். முரட்டுக் கல்லையும் 60/90 தூளையும் அதில் போட்டு வடிவத்தை எதிர்பார்த்தால், கல் தேய்வதற்குள் கிண்ணத்தின் உட்புறம் தேய ஆரம்பித்துவிடும்.

கொள்ளளவைப் பார்த்து மயங்குவது

தம்லர்ஸ் அல்ட்ரா-வைப் என்ற அதிர்வு இயந்திர வரிசையில் வரும் 10, 18 என்ற எண்கள் பவுண்டுக் கணக்கு. அதாவது ஏறக்குறைய 4.5 கிலோ, 8 கிலோ. லாட்-ஓ, மினி-சோனிக் எம்டி-4 போன்றவை நான்கு பவுண்டு வகை, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இந்த எடையில் கல்லும், கல்லோடு நிரப்பாகப் போடும் சிறு பீங்கான் துண்டுகளும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதிர்வு இயந்திரம் ஏறக்குறைய நிறைந்திருந்தால்தான் ஒழுங்காகப் புரளும். பெரியதை வாங்கி ஒரு கிலோ கல்லைப் போட்டால் அவை துள்ளிக் குதித்து மோதிக்கொள்ளும். விளிம்புகளில் வெள்ளையாகப் பிறை வடிவக் காயங்கள் தெரியும். அந்தக் காயம் மேலோட்டமானதாகத் தெரிந்தாலும் உள்ளே விரிசலாக இறங்கியிருக்கும். பாலிஷ் அதை மறைக்காது.

ஆகவே எவ்வளவு பெரியது வாங்கலாம் என்று கேட்பதைவிட, உங்கள் சுழல் இயந்திரம் மாதத்துக்கு எவ்வளவு கல்லை வடிவம் முடித்துத் தருகிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த அளவுக்கு ஒத்துவரும் சிறிய கிண்ணம், பாதி காலியாக ஓடும் பெரிய கிண்ணத்தைவிட எப்போதும் மேல்.

மின்சாரத்தைக் கவனிக்காமல் விடுவது

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் 115 வோல்ட் என்பதைப் பார்த்துவிட்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை (ஹெர்ட்ஸ்) மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சாதாரண இன்டக்ஷன் மோட்டார் நம் ஊரின் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைகிறது. அதிர்வை உண்டாக்குவது மோட்டார் தண்டில் மையம் விலகிப் பொருத்திய எடை. அதன் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். எனவே வேகம் ஆறில் ஒன்று குறைந்தால் விசை ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடுகிறது. அது போதாதென்று மோட்டார் கூடுதலாகச் சூடேறவும் செய்யும். அதே இயந்திரம் வேறொரு நாட்டில் ஒருவருக்கு அருமையாக வேலை செய்வதையும் உங்களிடம் சோம்பிக் கிடப்பதையும் ஒப்பிட்டுக் குழம்புவதற்கு முன், மோட்டாரின் உலோகத் தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூடுகளைத் துலக்குவதற்கென்று விற்கும் அதிர்வு இயந்திரங்களும் பார்ப்பதற்கு இதேபோல இருக்கும். அவற்றில் பல, வால்நட் ஓட்டுத் தூள் போன்ற உலர்ந்த பொருளுக்காகச் செய்தவை. ஈரமான கற்களின் எடை அவற்றுக்குப் பாரம், கசியும் நீர் கீழே இருக்கும் மோட்டாருக்கு ஆபத்து. ஈரமான வேலைக்கு உகந்தது என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லாவிட்டால் ஒப்பீட்டுப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

தண்ணீர்

இதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். சுழல் இயந்திரத்தில் பழகிய கை, கற்கள் மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றும். அதிர்வு இயந்திரத்தில் அந்தப் பழக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். நீர் கூடினால் தூள் கற்களைவிட்டுக் கழுவப்பட்டு அடியில் தங்கிவிடுகிறது. கற்கள் தூளில்லாமல் வெறும் நீரில் வழுக்கி ஒன்றையொன்று இடிக்கின்றன. நீர் குறைந்தால் சேறு பசையாகி, கற்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நகர மறுக்கின்றன. இரண்டு நிலைக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. சில ஸ்பூன் நீர்தான் வித்தியாசம்.

நான் செய்வது இது. கற்களையும் பீங்கான் துண்டுகளையும் நனைத்து, நீரை முழுக்க வடித்துவிட்டுக் கிண்ணத்தில் போடுவேன். இயந்திரத்தை ஓடவிட்டு, தூளைப் பரவலாகத் தூவுவேன். நான்கு பவுண்டு இயந்திரத்துக்கு ஒரு ஸ்பூனை ஒட்டிய அளவே போதும். பிறகு நீர் தெளிக்கும் பாட்டிலால் நாலைந்து முறை தெளிப்பேன். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தூளும் தேய்ந்த கல்லும் சேர்ந்து ஒரு சேறு உருவாகும். ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் மெல்லிய பெயின்ட் பூசியதுபோல ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். விரலால் இழுத்தால் கோடு விழுந்து, அந்தக் கோடு மெதுவாக மூடிக்கொள்ள வேண்டும். உடனே வழிந்தால் நீர் அதிகம். கோடு அப்படியே நின்றால் நீர் போதவில்லை.

இப்போது ஓட்டத்தைப் பாருங்கள். நடுத்தண்டுள்ள வட்டக் கிண்ணத்தில் கற்கள் பெரும்பாலும் சுவரோரமாக மேலேறி, நடுவை நோக்கிப் புரண்டு விழுந்து, அடியில் மறையும். அதே சமயம் மொத்தக் கூட்டமும் தண்டைச் சுற்றி மெல்ல ஊர்ந்து போகும். கூட்டத்தில் தனித்துத் தெரியும் ஒரு வெள்ளைக் கல்லைப் போட்டு வையுங்கள். அது மறைந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். மறுபடி எப்போது தலைகாட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடும் நாளில் எடுத்த அந்தக் கணக்குதான் உங்கள் இயந்திரத்தின் அளவுகோல். ஆறு மணி நேரம் கழித்து அதே கல் தலைகாட்ட இருமடங்கு நேரம் எடுத்தால், சேறு இறுகிவிட்டது என்று பொருள். இரண்டு தெளிப்பு நீர் போதும், கற்கள் உயிர்பெற்றதுபோல மறுபடி புரளத் தொடங்கும். சத்தமும் சொல்லிக்கொடுக்கும். சரியான சேற்றில் அடங்கிய ஒரு முனகல் கேட்கும். நீர் கூடினால் கலகலவென்று கற்கள் பேசும்.

நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அறை சூடாக இருந்தால் இன்னும் விரைவாக. எனவே காலையில் போட்டுவிட்டு மறுநாள் வந்து பார்க்கலாம் என்ற எண்ணம் இந்த இயந்திரத்தோடு ஒத்துவராது. சுழல் இயந்திரம் ஒரு வாரம் தனியாக இருக்கும், இது கூடவே இருக்கச் சொல்லும். இரண்டையும் ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தையும் எடைபோட வேண்டும்.

நிரப்பு

பீங்கான் துண்டுகளை வெறும் இடநிரப்பி என்று நினைத்து மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. பெரிய கற்களின் இடுக்குகளுக்குள் தூளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை அவைதான். ஒரே அளவுள்ள பெரிய கற்களை மட்டும் போட்டால் அவை தொடும் புள்ளிகள் மிகக் குறைவு. பெரியது, நடுத்தரம், சிறியது எல்லாம் கலந்து, கிண்ணத்தில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்புங்கள். கல்லும் பீங்கானும் சரிபாதியாக இருந்தாலும் தவறில்லை.

கடினத்தன்மையையும் கலக்காதீர்கள். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, அகேட்டும் ஜாஸ்பரும் அதை ஒட்டியே வரும். அப்சிடியன் 5 முதல் 5.5, ஃப்ளூரைட் 4, கால்சைட் 3. அகேட்டோடு ஃப்ளூரைட்டைப் போட்டால் ஃப்ளூரைட்தான் தேய்ந்து சேறாகும்.

ஒரே ஒரு துகள்

ஒருமுறை அகேட் கற்கள் முழுத் தொகுதியும் மங்கலாக வந்தது. பனி படர்ந்த கண்ணாடிபோல ஒரு மூட்டம். இயந்திரத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. ஸ்பிரிங்குகளைச் சோதித்தேன், எடையின் இடத்தை மாற்றினேன், பாலிஷ் தூளையும் மாற்றினேன். மறுபடியும் அதே மூட்டம். கடைசியில் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸின் கீழே பார்த்தேன். ஒரு கல்லில், நகம்கூட நுழையாத பிளவு ஒன்று இருந்தது. அதற்குள் கறுப்பாக, ஊசிமுனையால் தொட்டால் மினுங்கும் துகள்கள். சொரசொரப்புத் தூளான சிலிக்கான் கார்பைடு. முதல் கட்டத்திலிருந்து அந்தப் பிளவுக்குள் ஒளிந்து வந்து, அதிர அதிர ஒவ்வொன்றாக வெளியே விழுந்திருக்கின்றன.

அளவைப் பார்த்தால் ஏன் இவ்வளவு சேதம் என்று புரியும். 60 எண் துகள் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர், அதாவது 250 மைக்ரான். பாலிஷுக்குப் பயன்படுத்தும் அலுமினியம் ஆக்சைடு 1 மைக்ரான் அளவில் வரும். அந்த மென்தூளுக்கு நடுவே இருநூற்றைம்பது மடங்கு பெரிய ஒரு துகள் உருண்டால் ஒவ்வொரு கல்லிலும் கீறல் விழும்.

அதற்குப் பிறகு பிளவும் குழியும் உள்ள கற்களை முதல் கட்டத்தோடு ஒதுக்கிவிடுகிறேன். கட்டம் மாறும்போது கற்களையும், பீங்கானையும், கிண்ணத்தையும், மூடியின் உள்விளிம்பையும் பிரஷ் போட்டுக் கழுவுகிறேன். மூடி விளிம்பைப் பலரும் மறப்பார்கள், சேறு தெறித்து அங்கேதான் காய்ந்திருக்கும். கழுவிய பிறகு சோப்புத்தூள் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அலசுகிறேன். பாலிஷுக்கு மட்டும் தனிக் கிண்ணமும் தனிப் பீங்கான் துண்டுகளும் வைத்துக்கொள்ள முடிந்தால் பாதிக் கவலை தீரும். இயந்திரங்களை ஒப்பிடும்போது கூடுதல் கிண்ணம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். என் பார்வையில் மோட்டார் சக்திக்கு அடுத்து முக்கியமான கேள்வி அதுதான்.

கழிவும் இடமும்

கழுவிய சேற்றைக் கழுவுதொட்டியின் வடிகுழாயில் ஊற்றாதீர்கள். உள்ளே படிந்து சிமென்ட்போல இறுகும். வாளியில் தெளியவிட்டு, மேல்நீரை வடித்து, அடிச்சேற்றைக் குப்பையில் சேர்க்கலாம். சேறு காய்ந்து தூளாகப் பறக்கவும் விடக்கூடாது. அதில் இருப்பது நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா. ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்.

இயந்திரத்தைச் சமமான, கனமான பரப்பில் வையுங்கள். மேசையில் வைத்தால் நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். சாய்ந்திருந்தால் கற்கள் ஒரு பக்கம் குவிந்து நின்றுவிடும். போல்ட்டுகள் அதிர்வில் தளரும், தொகுதிக்கு ஒருமுறை இறுக்க வேண்டும்.

ஈரக் கல்லைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

ஈரத்தில் எல்லாக் கல்லும் பளபளக்கும். இரண்டு இயந்திரங்களின் வேலையை ஒப்பிட விரும்பினால், ஒரே கல்லை அறுத்து இரண்டு துண்டாக்கி, ஒரே தூள், ஒரே நாள் கணக்கில் இரண்டிலும் ஓட்டுங்கள். எடுத்ததும் துணியால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். பிறகு ஒரு குழல்விளக்கின் கீழே பிடித்து, கல்லின் மேல் விழும் விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் பாலிஷ் முடிந்தது. விளிம்பு கரைந்து மங்கினால் பாலிஷ் கட்டத்தில் இன்னொரு நாள் கொடுத்துப் பார்க்கலாம். அப்போதும் மங்கலாகவே இருந்தால் பாலிஷ் தூளை மேலும் கொட்டிப் பயனில்லை. கற்களைக் கழுவி 500-க்கே திரும்பிப் போக வேண்டும்.