எல்கேஜிக்கு அனுப்பும் முன்: பெல்ட், டிபன் பாக்ஸ், இன்னும் சில தவறுகள்

மே மாதக் கடைசியில் யூனிஃபார்ம் கடைக்குப் போனால் இந்த வசனம் காதில் விழாமல் இருக்காது: "ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க, வளர்ற புள்ளை." நானும் சொன்னவள்தான். மகனுக்கு அப்போது மூன்றரை வயது. வாங்கிய கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்று ஒரு பெல்ட். பெல்ட்டுக்குக் கீழே கொக்கி, கொக்கிக்குக் கீழே ஜிப். முதல் நாள் போட்டோவில் குட்டி கலெக்டர் மாதிரி இருந்தான். மூன்றாம் நாள் ஈரக் கால்சட்டையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தான். அவசரத்தில் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனை ஆயாம்மா பார்த்து ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டதாம்.

எல்கேஜி சாமான்களில் நாம் செய்கிற தவறுகளில் பாதி இப்படித்தான். நம் கண்ணுக்கு அழகாக இருப்பதை வாங்கிவிடுகிறோம். அந்தச் சின்ன விரல்கள் அதைத் திறக்குமா, கழற்றுமா என்று பார்ப்பதில்லை.

கால்சட்டைக்கு இடுப்பில் எலாஸ்டிக் இருந்தால் போதும். பெல்ட் கட்டாயம் என்று சொல்கிற பள்ளியா? கொக்கியை எடுத்துவிட்டு வெல்க்ரோ வைக்கச் சொன்னால் எந்தத் தையல்காரரும் செய்து தருவார். பெல்ட்டைத் தளர்வாக, பேருக்குப் போட்டு அனுப்பலாம். பெண் பிள்ளைகளின் பினோஃபாரில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் உள்ளே போடும் ஷார்ட்ஸின் எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் அவளால் கீழே இறக்க முடியாது. வளர்கிற பிள்ளைதான், மறுக்கவில்லை. அதற்கு அளவாகத் தைத்து, கீழே இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்.

அப்புறம், புதுத் துணியைத் துவைக்காமல் போட்டுவிடுவது. கஞ்சி போட்டது போல விறைப்பாக இருக்கும், கழுத்துப் பட்டியில் லேபிள் வேறு உறுத்தும். "ஸ்கூல் வேணாம்" என்று அழுகிற பிள்ளைக்குச் சில சமயம் அந்த லேபிள்தான் வேண்டாம்.

ஷூவில் அதே "பெரிசா வாங்கு" கதைதான். முன்னால் பஞ்சு அடைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. பிள்ளையை நிற்க வைத்துப் பார்த்தால் விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கால் உள்ளே வழுக்கும், படியில் தடுக்கும். லேஸ் வேண்டவே வேண்டாம், வெல்க்ரோ பட்டைதான். இடம் வலம் குழம்புகிற பிள்ளைக்கு ஒரு வழி: பூனை ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, ஒரு பாதியை ஒரு ஷூவுக்குள்ளும் மறு பாதியை இன்னொன்றுக்குள்ளும் ஒட்டுங்கள். பூனை முகம் சேர்ந்தால் சரியான கால். பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே தினம் அரை மணி நேரம் வீட்டில் போட்டு நடக்கவிட்டால், முதல் நாளே குதிகாலில் கொப்புளத்தோடு வராது.

இப்போது டிபன் பாக்ஸ். மகள் எல்கேஜி போன புதிதில் லெமன் சாதம் அப்படியே திரும்பி வந்தது. "ஏன்டி சாப்பிடல?" என்று அதட்டியதற்கு, "தொறக்கல" என்றாள், ஒரே வார்த்தை. நானே திறந்து பார்த்தேன், எனக்கே மூச்சு முட்டியது. சூடான சாதத்தைப் போட்டவுடன் அழுத்தி மூடியதால் வந்த வினை. உள்ளே இருக்கிற நீராவி ஆற ஆறத் தண்ணீராகிவிடும். உள்ளே அழுத்தம் குறையும், வெளிக்காற்று மூடியைப் பிடித்து அழுத்திக்கொள்ளும். பெரியவர்கள் ஓரத்தில் ஸ்பூனைக் கொடுத்து நெம்புவோம், நான்கு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? மிஸ்ஸிடம் நீட்டினால், அவர் கையில் ஏற்கெனவே பத்து டப்பா இருக்கும்.

பத்து நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள். நாலு பக்கமும் கிளிப் இருக்கிற டப்பா கசியாதுதான், ஆனால் பிள்ளைக்கு ஒரே கிளிப் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம் போட்டு, தரையில் உட்கார வைத்து, பாட்டில், டப்பா எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு உதவாமல் பாருங்கள். என் மகள் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்தாள். அன்றைக்கே பாட்டிலை மாற்றினோம்.

டப்பாவுக்குள் முழுத் திராட்சை, வறுத்த வேர்க்கடலை வைக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இந்த வயதில் நிஜம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கி வைக்கலாம்.

பை விஷயத்தில் 2020ஆம் ஆண்டின் தேசியப் பள்ளிப் பைக் கொள்கை, மழலையர் வகுப்புகளுக்குப் பையே தேவையில்லை என்கிறது. நடப்பு வேறு என்பது நமக்குத் தெரியும். நான்கு வயதுப் பிள்ளையின் எடை 15, 16 கிலோதான் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. பள்ளியில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ள முடியும் என்றால் அரை லிட்டர் பாட்டில் போதும். மாமா வாங்கித் தந்த சக்கரம் வைத்த பை காலியாகவே கனக்கும். அது ஊருக்குப் போக உதவட்டும்.

கழுத்தில் தொங்கும் கயிறுகளைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஐடி கார்டு நாடா சறுக்கு மரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவின் உடைப் பாதுகாப்புத் தரவிதி 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடையில் கழுத்து, தலைப்பகுதிக் கயிறுகளையே அனுமதிப்பதில்லை. இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கிளிப் உள்ள நாடாவைத் தேடி வாங்குங்கள், இல்லாவிட்டால் கார்டைச் சட்டையில் குத்திவிடுங்கள். ரெயின்கோட்டின் தலைமூடிக் கயிற்றை உருவிவிடலாம்.

தங்கச் செயின், வளையல் வேண்டாம். பாட்டி கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

பெயர் எழுதுவதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. பைக்கு வெளியே கொட்டை எழுத்தில் எழுதினால், வழியில் போகிற எவரும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். உள்பக்கம் அழியாத மார்க்கரில் எழுதுங்கள். எழுத்து தெரியாத பிள்ளை தன் பாட்டிலைக் கண்டுபிடிக்க வெளியே ஒரு படம் ஒட்டுங்கள். வகுப்பில் பாதிப் பேரிடம் அதே நீலப் பாட்டில்தான் இருக்கும்.

மாற்றுடை ஒரு செட், ஜட்டியோடு சேர்த்து. ஈரத்துணி போட ஒரு காலிக் கவர். மாற்றுடை பையில் எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கும் காட்டிவிடுங்கள், நனைந்தால் திட்டமாட்டோம் என்றும் சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது கூடவே ஒரு ஜோடி சாக்ஸ் வைத்து, அந்த மாற்றுடையையும் ஒருமுறை வெளியே எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஜூனில் வைத்ததை நாங்கள் டிசம்பரில்தான் பிரித்தோம். சட்டை தொப்புளுக்கு மேல் நின்றது.