பொடியைக் கூட்டினால் காபி சரியாகிவிடாது

போன மாதம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் பாதி காலியான காபிப் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்தான். வந்ததும் வராததுமாக, "அண்ணே, இந்தக் கொட்டையே சரியில்ல. லைட் ரோஸ்ட்டாம், லேசா வறுத்ததாம். எவ்வளவு பொடி போட்டாலும் புளிக்குது" என்றான். எவ்வளவு போடுகிறாய் என்று கேட்டேன். முதலில் 15 கிராம், புளித்ததால் 18, அதுவும் புளித்ததால் 21, இப்போது 24. தண்ணீர் மட்டும் அன்றும் இன்றும் அதே 240 மில்லி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது. இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறியவன் நான். கொட்டையை வாங்கி வீட்டிலேயே அரைத்து வடிக்கத் தொடங்குகிற யாரைப் பார்த்தாலும் இதில் ஏதாவது ஒரு படியில்தான் நிற்கிறார்கள்.

பழைய பொடி, கழுவாத பாத்திரம், கண்ணளவில் அள்ளிப் போடுவது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தவறு என்று செய்கிறவருக்கே தெரியும். சரிசெய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்கிற தவறுகள்தான் காசைத் தின்கின்றன.

புளித்தால் பொடியைக் கூட்டுவது

காபி இரண்டு விதமாகக் கெடும். டம்ளரில் இருக்கும் நீரில் எவ்வளவு காபி கரைந்திருக்கிறது என்பது ஒன்று; அதைத் திடம் என்போம். போட்ட பொடியிலிருந்து எத்தனை பங்கு சாரம் இறங்கியது என்பது இன்னொன்று. பொடியைக் கூட்டினால் திடம் ஏறும், ஆனால் ஒவ்வொரு கிராமிலிருந்தும் இறங்கும் சாரம் குறையும். அதே தண்ணீர் இப்போது கூடுதல் பொடியைக் கழுவ வேண்டியிருக்கிறதே.

வறுத்த கொட்டையில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் வெந்நீரில் கரையும், மீதி சக்கை. கரைவது எல்லாவற்றையும் இறக்கிவிட்டால் வாயில் வைக்க முடியாது. 1950களில் அமெரிக்காவில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற ஆய்வாளர் செய்த வேலையிலிருந்து வந்த 18 முதல் 22 சதவீதம் இறங்கினால் சரி என்ற கணக்கைத்தான் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் காட்டுகிறார்கள். 15 கிராம் பொடியில் 20 சதவீதம் இறங்கினால் டம்ளரில் 3 கிராம் சரக்கு. 24 கிராமில் 15 சதவீதம்தான் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால்கூட 3.6 கிராம். காபி கெட்டியாகிவிட்டது, புளிப்போ இன்னும் கூர்மையாகிவிட்டது. மீதிச் சுவை பொடிக்குள்ளேயே இருந்து குப்பைக்குப் போகிறது.

நம்பாதவர்களுக்கு ஒரு வேலை சொல்வேன். டிரிப்பரில், அதாவது காகித வடிகட்டி வைத்த கூம்பில், வடிக்கும்போது கீழே ஒரே பாத்திரத்தை வைக்காமல் மூன்று டம்ளர்களை மாற்றி மாற்றி வையுங்கள். முதல் டம்ளரில் விழுவது கருப்பாக, கெட்டியாக இருக்கும். ஒரு மடக்கு குடித்தால் புளிப்பு சுள்ளென்று ஏறும். இரண்டாவது பழுப்பு நிறம், அதில்தான் இனிப்பு இருக்கும். மூன்றாவது வெளிறிய நிறத்தில் தண்ணீராட்டம் வரும், தனியே குடித்தால் கசப்பும் துவர்ப்பும்தான். மூன்றையும் ஒன்றாக ஊற்றிக் குடித்துப் பாருங்கள், அதுதான் காபி. சாரம் சரியாக இறங்காத காபி என்பது முதல் டம்ளரும் இரண்டாவதில் பாதியும். அதற்கு மேல் பொடியைக் கூட்டினால் அந்த முதல் டம்ளர்தான் பெரிதாகும்.

என் கதையைச் சொல்கிறேன். 250 கிராம் பாக்கெட்டில் 15 கிராம் வீதம் போட்டால் 16 தடவை வடிக்கலாம். 24 வீதம் போட்டால் பத்தே தடவை. இப்படி மூன்று மாதம் ஓட்டினேன். நடுவில் கொட்டையை மாற்றினேன், டிரிப்பரை மாற்றினேன், மூக்கு வளைந்த கெட்டில் ஒன்று வாங்கினேன். கிரைண்டரை மட்டும் தொடவில்லை. கடைசியில் லைட் ரோஸ்ட் எனக்கு ஒத்துவராது என்று தீர்ப்பு எழுதிவிட்டு, மிச்சமிருந்த ஒன்றரைப் பாக்கெட்டை ஒரு நண்பரிடம் தள்ளிவிட்டேன். அடுத்த வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது அதே கொட்டையில் காபி போட்டுக் கொடுத்தார். பழ வாசனையும் இனிப்புமாக அப்படி ஒரு காபி. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "கொஞ்சம் நைஸா அரைச்சேன், தண்ணி நல்லா கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன்" என்கிறார். அவ்வளவுதான். பல வருடம் ஆகிவிட்டது, நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

விஷயம் வறுவலில் இருக்கிறது. லைட் ரோஸ்ட் கொட்டை கெட்டியானது. உள்ளே துளைகள் குறைவு, கையால் சுற்றும் கிரைண்டரில் போட்டால் கைப்பிடியே முரண்டு பிடிக்கும். அதிலிருந்து சாரத்தை இறக்க நைஸான அரைப்பும் நல்ல சூடும் வேண்டும். டார்க் ரோஸ்ட் நேர்மாறு. நெருப்பில் அதிக நேரம் நின்று உப்பி, பொறுபொறுவென்று ஆகிவிட்ட கொட்டை அது. விரலால் அழுத்தினாலே உடையும், தண்ணீர் பட்டதும் எல்லாவற்றையும் விட்டுவிடும். பலர் பழகியது டார்க்கில். அந்தப் பழக்கத்தை அப்படியே லைட்டுக்குக் கொண்டுவந்தால் புளிக்காமல் என்ன செய்யும்?

தம்பிக்கு அன்று செய்து காட்டினேன். பொடி திரும்பவும் 15 கிராம். கிரைண்டரில் அரைப்பை மாற்றும் திருகை மூன்று கிளிக் நைஸ் பக்கம் திருப்பினேன். அவன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஐந்து நிமிடம் ஆறவிடுகிறவன். கொதிக்கிற தண்ணீர் காபியைக் கருக்கிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். இருநூறு டிகிரியில் வெந்து வந்த கொட்டையை நூறு டிகிரித் தண்ணீர் எப்படிக் கருக்கும்? கெட்டிலை அடுப்பிலிருந்து எடுத்த கையோடு 40 மில்லி ஊற்றினேன். பொடி உப்பி, குமிழி விட்டது. 40 நொடி பொறுத்து மீதியை ஊற்றினேன். முன்பு ஒன்றே முக்கால் நிமிடத்தில் சர்ரென்று இறங்கியது இப்போது மூன்று நிமிடம் எடுத்தது. குடித்துவிட்டு அவன் எதுவும் சொல்லவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிரைண்டரில் இருந்த எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

கிரைண்டர் எண்ணைப் படம் எடுத்து வைப்பது

அந்தப் படம்தான் அடுத்த வம்பு. இரண்டு வாரம் கழித்து போன்: "அண்ணே, இப்ப கசக்குது." வாங்கியது டார்க் ரோஸ்ட், அரைத்தது படத்தில் இருந்த அதே எண்ணில், ஊற்றியது அதே கொதிநீர். டார்க்குக்கு நாலைந்து கிளிக் கொரகொரப்பாகப் போக வேண்டும். தண்ணீரும் 85 முதல் 90 டிகிரி போதும். ஆறவிடுகிற அந்தப் பழைய பழக்கம் இங்கேதான் சரி. மீடியம் ரோஸ்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், அதிகம் வம்பு செய்யாது.

ஒவ்வொரு புதுப் பாக்கெட்டுக்கும் முதல் இரண்டு காபியைப் பலி கொடுக்கத் தயாராக இருங்கள்.

எல்லாவற்றையும் கசப்பு என்பது

இது நாக்கின் குற்றம் இல்லை, பேச்சுப் பழக்கம். பிடிக்காத காபி எதுவாக இருந்தாலும் கசக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். புளிப்பு சுரீரென்று பிடித்து வாயில் நீர் ஊற வைக்கும். கசப்பு விழுங்கிய பிறகும் தொண்டைப் பக்கம் தங்கும். துவர்ப்பு சுவையைவிடத் தொடு உணர்ச்சிதான். பழுக்காத காயைக் கடித்த மாதிரி நாக்கும் ஈறும் வறண்டு இழுக்கும். அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழியை வைத்துக்கொண்டு நாம் இதில் குழம்பக் கூடாது.

புளித்தால் அரைப்பை நைஸாக்குங்கள். கசந்தால் கொரகொரப்பாக்குங்கள். துவர்த்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் தண்ணீர் பொடியில் ஒரே பக்கம் வழி பிடித்து ஓடியிருக்கும், அல்லது கிரைண்டர் தூசும் கட்டியுமாக அரைத்திருக்கும். பிளேடு சுழலும் அரைவைக் கருவியில் இது தவிர்க்க முடியாதது. அங்கே தூசு கசக்கும், கட்டி புளிக்கும், ஒரே டம்ளரில் இரண்டும் இருக்கும். டிரிப்பருக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியையாவது, பற்சக்கரங்களுக்கு நடுவே சீராக அரைக்கும் பர் கிரைண்டர் பக்கம் தள்ளுங்கள்.

கொட்டையை ஃப்ரிட்ஜில் வைப்பது

வேண்டாம். ஃப்ரீசர் வேறு கதை: ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனியாகக் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் நன்றாகவே இருக்கும். ஒரே டப்பாவைத் தினமும் வெளியே எடுத்துத் திறந்து மூடினால் கொட்டையின் மேல் நீர் பூத்துவிடும்.

டார்க் என்றால் ஸ்ட்ராங் என்று நம்புவது

வறுப்பதில் காஃபீன் பெரிதாக மாறுவதில்லை. டார்க் கொட்டை உப்பி எடை குறைந்திருப்பதால், ஸ்பூனால் அளந்து போடுகிறவருக்கு டார்க்கில் காஃபீன் சற்றுக் குறைவாகத்தான் போகும்.

மோக்கா பாட் பாத்திரத்தில் பொடியை அழுத்துவது

1933இல் வந்த அடுப்புப் பாத்திரம் இது; கீழே கொதிக்கும் தண்ணீர் ஆவியின் அழுத்தத்தில் பொடி வழியாக மேலே ஏறும். இன்னும் இதை எஸ்பிரெசோ மெஷின் என்று நினைத்துப் பொடியைக் குத்தி அழுத்துகிறார்கள். எஸ்பிரெசோவுக்கு 9 பார் அழுத்தம் வேண்டும், இதில் வருவது ஒன்றிரண்டு பார். பொடியை நிரப்பி மட்டமாக்கினால் போதும். தண்ணீர் வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்ததும் அடுப்பிலிருந்து இறக்குங்கள்; அதற்குப் பிறகு வருவது ஆவியும் கசப்பும்தான்.

பிரெஞ்ச் பிரஸ்ஸிலேயே விட்டுவைப்பது

பொடியை வெந்நீரில் ஊறவிட்டு வலைத்தட்டால் கீழே அழுத்துகிற பாத்திரம் இது. நாலு நிமிடம் ஊறினால் போதும். அழுத்திய பிறகும் காபி பொடியோடுதான் இருக்கிறது, சாரம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். முழுவதையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தண்ணீரை மறந்துவிடுவது

கால்சியமும் மெக்னீசியமும் கொஞ்சமாவது இருந்தால்தான் காபிக்கு உயிர் வரும். சுத்திகரித்துச் சுத்திகரித்து எதுவும் மிஞ்சாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். கடினமான தண்ணீரோ, அதில் பைகார்பனேட் அதிகம் இருப்பதால், லைட் ரோஸ்ட்டின் நல்ல புளிப்பையும் அமுக்கிவிடும். ஒரே கொட்டையை இரண்டு தண்ணீரில் போட்டுப் பார்த்தால் இரண்டு பாக்கெட் என்று சத்தியம் செய்வீர்கள்.

நிறத்தைப் பார்த்து வறுவலை நிறுத்துவது

தம்பி இப்போது பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுக்கத் தொடங்கிவிட்டான். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். கொட்டையின் சூடு 200 டிகிரியை நெருங்கும்போது சோளம் பொரிவது போல டப் டப்பென்று முதல் வெடிப்பு கேட்கும். அது அடங்கும் சமயத்தில் நிறுத்தினால் லைட். இன்னும் விட்டுக்கொண்டே போனால் 225 டிகிரி வாக்கில் இரண்டாவது வெடிப்பு வரும். சருகை மிதித்தாற்போல மெல்லிய, அடுக்கடுக்கான சத்தம். அங்கிருந்து டார்க், கொட்டையின் மேல் எண்ணெய் கசியத் தொடங்கும். காதை நம்புங்கள். நான் ஓர் இரவு மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில், இன்னும் இளம் பழுப்புதான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வறுத்தேன். காலையில் வெயிலில் பார்த்தால் கரி. வாணலியிலிருந்து இறக்கியதோடு வேலை முடியவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. கொட்டைக்குள் இருக்கும் சூடு தொடர்ந்து வறுத்துக்கொண்டே இருக்கும். சல்லடையில் கொட்டி, விசிறி வைத்து மூன்று நான்கு நிமிடத்துக்குள் ஆற்றிவிட வேண்டும்.

பயந்துபோய்ச் சின்னத் தீயில் அரை மணி நேரம் இழுப்பது அடுத்த தவறு. நிறம் சரியாக வரும், சுவை வைக்கோல். வறுத்த அன்றே வடிப்பதும் வீண். உள்ளே கரியமில வாயு நிறைய இருக்கும், தண்ணீர் பட்டதும் பொங்கி நீரை உள்ளே விடாது. டார்க்குக்கு மூன்று நான்கு நாள், லைட்டுக்கு ஒரு வாரமாவது காத்திருங்கள்.

சத்தத்தில் சந்தேகம் இருந்தால் தராசு இருக்கிறது. பச்சைக் கொட்டை 100 கிராம் போட்டு 87, 88 கிராம் வந்தால் லைட். 85 வாக்கில் மீடியம். அதற்குக் கீழே போகப்போக டார்க். கண்ணை ஏமாற்றும் பல்ப் தராசை ஏமாற்றாது.

நேற்று அவன் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தான். மேலே லைட் ரோஸ்ட் என்று எழுதி ஒட்டியிருந்தது. நூறு கிராம் போட்டதில் எவ்வளவு வந்தது என்று கேட்டேன்.

"எண்பதுண்ணே" என்றான்.