பொன்னியின் செல்வனுக்கு அடுத்து என்ன படிப்பது? சோழர் வரலாற்று நூல்களைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பொன்னியின் செல்வன் முடிச்சிட்டேன். இனிமே நிஜமான சோழர் வரலாறு படிக்கணும். ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க." 2022இல் திரைப்படம் வந்த பிறகு இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், பணி ஓய்வு பெற்ற பெரியவர்களும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு நாவல் இத்தனை பேரை வரலாற்றின் வாசல் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. அந்த வாசலில் குவிந்திருக்கும் நூல்களில் எதை எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறி, இரண்டு மாதத்தில் ஆர்வமே வற்றிப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். நானும் அப்படித் தடுமாறியவன். அந்த அனுபவத்தில் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

"ஒரு நல்ல புத்தகம்" போதும் என்று நினைப்பது

நாவல் படித்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ளத் துடிப்பது இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைத்தான். இதற்கு நம்மிடம் உள்ள முக்கியமான சான்று, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கும் ஒரு கல்வெட்டு. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. அவர்களுடைய நிலங்களும் உறவினர்களின் நிலங்களும் பறிமுதலான செய்தியைத் தருகிறது. ஆனால் ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

இந்த மௌனத்தை வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி ஒரு விதமாகப் படித்தார். நடவடிக்கை இராசராசன் காலத்தில்தான் தெரிகிறது, ஆகவே கொலைக்கும் இராசராசன் ஆட்சிக்கும் இடையில் ஆண்ட உத்தம சோழனைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்க முடியாது என்பது அவர் கருத்து. இன்னொரு வரலாற்றாசிரியரான தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதே கல்லைப் பார்த்துவிட்டு இதை மறுத்தார். எஞ்சியிருந்த சொத்துகளைப் பற்றிய ஆணை ஒன்று பிற்காலத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்பதால், அதற்கு முன் விசாரணையே நடக்கவில்லை என்றாகிவிடாது என்பது அவர் வாதம். சாஸ்திரியை மட்டும் படித்தவர் உத்தம சோழனைக் குற்றவாளி என்பார். பண்டாரத்தாரை மட்டும் படித்தவர் நிரபராதி என்பார். இரண்டையும் படித்தவருக்குத்தான் கல்வெட்டு எங்கே முடிகிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும்.

இதைவிடப் பெரிய வழக்கு ஒன்றும் உண்டு. சோழ அரசு என்பது எப்படிப்பட்ட அரசு? சாஸ்திரியின் நூல் 1930களில் ஆங்கிலத்தில் வந்தது, 1955இல் திருத்திய பதிப்பு கண்டது. தலைநகரிலிருந்து திறமையான அதிகாரிகளால் நடத்தப்பட்ட வலிமையான பேரரசு, அதன் கீழே உயிர்ப்போடு இயங்கிய ஊர்ச்சபைகள் என்ற சித்திரத்தை அது தருகிறது. 1980இல் பர்ட்டன் ஸ்டைன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இந்தச் சித்திரத்தை ஏற்க மறுத்தார். காவிரிப் படுகையைத் தாண்டினால் அரசனின் தலைமை பெரும்பாலும் சடங்கு சார்ந்தது, உண்மையான பிடி அந்தந்த 'நாட்டின்' (பல ஊர்கள் சேர்ந்த அன்றைய வட்டாரம்) வேளாண் தலைவர்களிடம் இருந்தது என்றார். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டு அறிஞர் எ. சுப்பராயலுவும் வேறு வழியில் போனார்கள். ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் வரும் அதிகாரிகளின் பட்டங்கள், வரிப் பெயர்கள், நில உரிமைக் குறிப்புகளை எல்லாம் காலவாரியாகவும் வட்டாரவாரியாகவும் எண்ணினார்கள். இராசராசன் காலம் தொட்டு மைய அரசின் கை நீண்டதையும், சோழர் காலத்தின் பிற்பகுதியில் தனியார் நிலவுடைமை பெருகியதையும் அந்தக் கணக்கிலிருந்தே காட்டினார்கள். இந்த விவாதத்தின் ருசி தெரியாமல் சோழர் வரலாறு படித்தேன் என்று சொல்வது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். ஆகவே ஒன்று கேட்டால் நான் இரண்டு சொல்வேன், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் நூல்களாகத் தேர்ந்து சொல்வேன்.

நூலின் வயதைப் பார்க்காமல் வாங்குவது

இதுதான் நம்மிடையே மிகப் பரவலான தவறு என்று நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகக் காட்சியில் பளபளப்பான அட்டையோடு ஒரு சோழர் வரலாற்று நூலை வாங்கினேன். உள்ளே 'முதற்பதிப்பு 2018' என்று இருந்தது. புதிய ஆய்வு என்று நம்பி ஆவலோடு படித்தேன். நாற்பதாவது பக்கம் வாக்கில் 'சென்னை மாகாணம்' வந்தது. அடுத்து தூரங்கள் எல்லாம் மைலில் வந்தன. அப்போதுதான் புரிந்தது, கையில் இருப்பது எழுபது ஆண்டு முந்தைய எழுத்து. நூல் நன்றாகவே இருந்தது. ஆனால் அதை 2018இன் முடிவுகளாக எண்ணி நான் இரண்டு இடங்களில் மேற்கோளும் காட்டிவிட்டேன்.

இது எப்படி நடக்கிறது? நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்து பதிப்புரிமை முடிந்த நூல்களையும் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அது நல்ல ஏற்பாடு. பல அரிய நூல்கள் மலிவாகக் கிடைப்பது அதனால்தான். ஆனால் ஒரு பதிப்பகம் அப்படி ஒரு பழைய நூலை வெளியிடும்போது, 'முதற்பதிப்பு' என்ற இடத்தில் தான் முதலில் அச்சிட்ட ஆண்டைப் போடுவது வழக்கமாகிவிட்டது. மூலநூல் எந்த ஆண்டில் வந்தது என்பது எங்கும் இருக்காது. வாசகருக்கு இது பெரிய அநீதி. பதிப்பாளர்கள் ஒரே ஒரு வரியில் சரிசெய்துவிடக் கூடியது.

அதுவரை நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆசிரியர் முன்னுரையின் அடியில் ஊரும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31ஐக் கழித்துக்கொள்ளுங்கள். முன்னுரையையே நீக்கியிருந்தால் உள்ளே வரும் மாவட்டப் பெயர்கள் காட்டிக்கொடுக்கும். உடையார்குடி தென்னார்க்காடு மாவட்டத்தில் இருப்பதாகச் சொன்னால், அந்த வரி 1993க்கு முன் எழுதப்பட்டது. நாகப்பட்டினம் தஞ்சை மாவட்டத்தில் இருந்தால் 1991க்கு முன். அடிக்குறிப்புகளில் வரும் நூல்களில் மிகப் பிந்திய ஆண்டு எது என்று பார்ப்பது எல்லாவற்றிலும் நம்பகமான வழி.

வயது ஏன் முக்கியம்? சான்றுகள் பெருகிக்கொண்டே இருப்பதால். முதலாம் இராசேந்திரனின் எசாலம் செப்பேடுகள் 1987இல் கிடைத்தன. மயிலாடுதுறை அருகே 85 ஏடுகள் கொண்ட திருஇந்தளூர்ச் செப்பேட்டுத் தொகுதி 2010இல் வெளிப்பட்டது. சாஸ்திரியின் 1955 பதிப்புக்கு இவை தெரிந்திருக்க வழியில்லை. சோழரை விட்டுச் சங்க காலத்துக்குப் போனால் வித்தியாசம் இன்னும் கூர்மை. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலக்கணிப்பைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. அதற்கு முந்திய நூலில் சங்க காலத்தின் தொடக்கம் பற்றிப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய நூலை ஒதுக்கச் சொல்லவில்லை. பண்டாரத்தாரின் தமிழ்நடைக்காகவே அவரை மறுபடி மறுபடி படிக்கலாம். எந்த ஆண்டில் நின்று பேசுகிறார் என்று தெரிந்து படியுங்கள் என்கிறேன்.

ஐ.எஸ்.பி.என். இருந்தால் தரமான நூல் என்று நம்புவது

பின்னட்டையில் 978-81 என்றோ 978-93 என்றோ தொடங்கும் 13 இலக்க எண் இந்தியாவில் வெளியான நூல் என்பதைக் காட்டும். விற்பனைக்கும் நூலகப் பதிவுக்குமான அடையாளம் அது, அவ்வளவுதான். உள்ளடக்கத்தை யாரும் சரிபார்த்து அதை வழங்குவதில்லை. கருத்தரங்கக் கட்டுரைகளை அப்படியே அடுக்கி, ஒரு எண்ணையும் போட்டு வெளியிடும் தொகுப்புகள் ஏராளம். அவற்றில் அருமையான கட்டுரையும் இருக்கும், இன்னொரு கட்டுரையிலிருந்து பெயர்த்தெடுத்ததும் இருக்கும்.

பின்பக்கங்களைப் புரட்டாமல் விலை கொடுப்பது

கடையில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். நூலின் கடைசி இருபது பக்கங்களைத் திறந்து பாருங்கள். துணைநூற்பட்டியல் இருக்கிறதா? சொல்லடைவு இருக்கிறதா? தமிழ்ப் பதிப்புகளில் சொல்லடைவைச் செலவு என்று கருதி விட்டுவிடுகிறார்கள். 500 பக்க வரலாற்று நூலில் 'செம்பியன் மாதேவி' எங்கெங்கே வருகிறார் என்று தேட வழியில்லை என்றால் அந்த நூலின் பாதிப் பயன் போய்விட்டது.

பிறகு நடுவே எங்காவது கல்வெட்டு மேற்கோள் வரும் பக்கத்தைப் பாருங்கள். "ஒரு கல்வெட்டு கூறுகிறது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் நூலை நான் வாங்குவதில்லை. எந்தக் கோயில், எந்த ஆட்சியாண்டு, 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற நூல்வரிசையில் எத்தனையாவது தொகுதி, என்ன எண் என்பது இருக்க வேண்டும். உடையார்குடிக் கல்வெட்டு, கல்வெட்டுகளைப் பதிப்பிக்கும் எபிகிராபியா இண்டிகா இதழின் 21ஆம் தொகுதியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், ஆசிரியரை நம்ப வேண்டிய தேவையே இல்லை. நானே போய்ப் பார்த்துக்கொள்வேன்.

சோழ மன்னர் எங்கள் சாதியே என்று நிறுவ எழுதப்படும் நூல்களை இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். முடிவு முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சான்றுகள் பாதி வரியாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கும், அந்த வெட்டுக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பது சொல்லப்பட்டிருக்காது. இளைஞர்கள் கையில் இவை அதிகம் புழங்குவதைப் பார்க்கும்போது மனது கனக்கிறது.

மொழிபெயர்ப்புகளுக்கும் இதே சோதனை பொருந்தும். ஒருமுறை நான் வாங்கிய மொழிபெயர்ப்பு ஒன்றில் வரிகளின் மேலே 1, 2, 3 என்று குறிப்பு எண்கள் எல்லாம் பத்திரமாக இருந்தன, குறிப்புகள் மட்டும் நூலில் எங்குமே இல்லை. முழு மொழிபெயர்ப்பா சுருக்கமா, மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து செய்தது, கலைச்சொல் பட்டியல் உண்டா என்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஆய்வேட்டில் தொடங்குவது, முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவது

ஆர்வ மிகுதியில் சிலர் நேராகக் கராஷிமாவின் கட்டுரைத் தொகுப்பை வாங்கிவிடுவார்கள். பத்தாவது பக்கத்தில் அட்டவணைகள் வரும். "எனக்கு வரலாறு ஒத்துவராது" என்று மூடிவைத்துவிடுவார்கள். ஒத்துவராதது வரலாறு அல்ல, வாங்கிய வரிசை. முதலில் தென்னிந்திய வரலாறு முழுவதையும் ஓடிப் பார்க்கும் ஒரு பொது நூல், பிறகு சோழருக்கு மட்டுமான ஒரு நூல், அதன் பிறகு உங்களைப் பிடித்துக்கொண்ட ஒரு கேள்விக்கான ஆய்வு. நீர்ப்பாசனமோ, கோயிலில் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகளோ, கடல் வணிகமோ, ஏதாவது ஒன்று கட்டாயம் பிடித்துக்கொள்ளும்.

ஆய்வு நூலை நாவல் போல வரிசையாகப் படிக்கவும் வேண்டாம். முன்னுரையும் முடிவுரையும் முதலில். பிறகு உங்கள் கேள்விக்கான இயல். மற்றவை தேவைப்படும்போது.

காசு கொடுத்தால்தான் படிக்க முடியும் என்று எண்ணுவது

ஆய்வு நூல்களின் விலை நியாயமாகவே பயமுறுத்தும். புத்தகக் காட்சியில் கிடைக்கும் பத்து விழுக்காடு கழிவு அதற்கு ஈடாகாது. ஆனால் சென்னை எழும்பூரில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1954இன் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி சென்று சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. பழைய தமிழ் அச்சு நூல்களுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள் அதன் அடித்தளம். ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. உரிமை உள்ள நூல்களின் திருட்டுப் படிகளைத் தேடி அலைய வேண்டிய தேவையே இல்லை. அப்படிக் கிடைப்பவற்றில் மடித்து வைத்த வரைபடங்களும் அட்டவணைகளும் விடுபட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் தொகுதி 1890இல் வந்தது. இரண்டாவது தொகுதியில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள். முன்னுரையும் குறிப்புகளும் ஆங்கிலம்தான், ஆனால் கல்வெட்டு நம் எழுத்தில், நம் மொழியில் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. முதல் பத்துக் கல்வெட்டுகள் கடினமாக இருக்கும். சுப்பராயலு பதிப்பித்த கல்வெட்டுச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிரந்த எழுத்துகளுக்கும் அளவைப் பெயர்களுக்கும் கண் பழகிவிடும். அந்த இரண்டாவது தொகுதியின் தொடக்கத்திலேயே, எதையெல்லாம் கல்லில் வெட்ட வேண்டும் என்று இராசராசன் சொல்லும் இடம் வரும்: "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்." அந்த அக்கன்தான் குந்தவை.