இயற்கை ஒலியும் சிந்தசைசரும்: கூட்டு ஆல்பங்கள் சறுக்கும் இடங்கள்

1970-இல் அமெரிக்க இசைக் கலைஞர்கள் பால் பீவரும் பெர்னி க்ரௌஸும் சேர்ந்து 'இன் எ வைல்ட் சாங்க்சுவரி' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். சூழலியல்தான் அதன் கரு. அதற்காக க்ரௌஸ் 1968-இல் கையடக்க டேப் ரெக்கார்டரோடு சான் பிரான்சிஸ்கோ அருகே உள்ள மியூர் வுட்ஸ் காட்டுக்குப் போனார். அங்கே பதிந்த ஒலிகளும் மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் மூக் சிந்தசைசர் கருவியும் அந்த ஆல்பத்தில் ஒரே இசையாகக் கலந்தன. இன்று நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து அப்படியொரு சைக்கெடெலிக் (கனவுபோல் மயக்கும் பாணி) ஆல்பம் செய்வது எளிது. ஆனால் பலருக்கும் ஒரே இடங்களில்தான் கால் இடறுகிறது.

முதல் தவறு, பாட்டை முழுதாக முடித்துவிட்டு, குழம்பை இறக்கிய பிறகு கொத்தமல்லி தூவுவதுபோல் மேலே கொஞ்சம் பறவைச் சத்தம் தூவுவது. பதிவைத்தான் முதலில் எடுத்து வைக்க வேண்டும். தவளை எந்த இடைவெளியில் கத்துகிறதோ அதுவே தாளமாகலாம்.

அடுத்தது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு: எல்லா இடத்தையும் அடைத்துவிடுவது. ஒரே காட்டில் வாழும் உயிர்கள் ஒன்றின் குரல் மேல் ஒன்று ஏறாமல், அதிர்வெண்ணிலும் நேரத்திலும் தனித்தனி இடம் பிடித்துக்கொள்கின்றன என்பது க்ரௌஸின் கருத்து. நல்ல பதிவு ஒன்றை ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். பூச்சிகள் ஒரு பட்டையில், பறவைகள் இன்னொரு பட்டையில், நடுவே வெற்றிடங்கள். சிந்தசைசருக்கான இடம் அந்த வெற்றிடங்கள்தான். நீண்ட ரிவர்ப் (எதிரொலிப்பு) போட்ட அகலமான பேட் (நீளமாக இழையும் சிந்தசைசர் ஒலி) ஒன்றை எல்லாவற்றின் மேலும் போர்த்தினால், மிஞ்சுவது மூட்டம் மட்டுமே. கூட்டு வேலையில் இது இன்னும் மோசமாகும். ஒவ்வொருவரும் ஒரு டிராக் (தனி ஒலி அடுக்கு) சேர்ப்பார்கள், நீக்க யாரும் முன்வர மாட்டார்கள். நீக்கும் உரிமையை ஒருவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பூச்சி ஒலியை மெதுவாக்கி விசித்திரமான ஒலிவெளியாக மாற்றுவது இந்த வகை இசையின் பெரிய சுகம். அதற்கு நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை நொடிக்கு அத்தனை முறை அளந்து பதிவது) போதாது. அது ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். இரண்டு ஆக்டேவ் (ஒவ்வொன்றும் அதிர்வெண்ணைப் பாதியாக்கும்) இறக்கினால் உச்சமே 5,500 ஹெர்ட்ஸ்தான், ஒலி மங்கிப்போகும். 96,000 அல்லது 192,000-இல் பதியுங்கள். மைக்கும் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதாக இருக்க வேண்டும். மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறையும் கட்டாயம்.

பறவை பதில் தரட்டும் என்று ஸ்பீக்கரில் அதன் குரலையே ஒலிக்கவிடுவதும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இனப்பெருக்கக் காலத்தில் எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது வேலையை விட்டுவிட்டு அலையும். ரெக்கார்டரை வைத்துவிட்டு நீங்கள் விலகிப் போங்கள்.

அப்புறம், எங்கோ இருக்கும் பறவையையும் வேறெங்கோ இருக்கும் மழையையும் ஒட்டி 'காடு' என்று பெயர் வைப்பது. பதிவு என்பது ஓர் இடத்தின் சாட்சி. கலிபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற புல்வெளியை க்ரௌஸ் 1988-இல் பதிந்தார். பிறகு அங்கே 'தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும்' வெட்டினார்கள். மறு ஆண்டு போனபோது பார்வைக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் பறவைக் குரல்களின் அடர்த்தி காணாமல் போயிருந்தது. ஓடையும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும்தான் பெரிதாகக் கேட்டன. இடம், தேதி, நேரம் மூன்றையும் ஒவ்வொரு பதிவிலும் எழுதி வைத்தால்தான் இப்படி ஒப்பிட முடியும்.

இணையத்தில் எடுத்த ஒலி என்றால் உரிமத்தைப் படியுங்கள். பறவைக் குரல்களைப் பகிரும் ஜீனோ-கேண்டோ தளத்தின் பதிவுகளில் பல, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லாதவை. யார் பெயர், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

2017 காட்டுத்தீயில் க்ரௌஸின் வீடு எரிந்துபோனது. வேறிடத்தில் நகல் இருந்ததால் அவருடைய பதிவுகள் தப்பின. பதிந்த அன்றே ஒரு நகலெடுத்து, நண்பர்களில் ஒருவர் வீட்டில் வைத்துவிடுங்கள்.