கெளுத்திக் குஞ்சுகளைத் தின்றது யார்?

நாற்றங்கால் குளத்தில் விட்ட நாட்டுக் கெளுத்திக் குஞ்சுகள் குறைந்துகொண்டே வந்தன. மேலே வலை இருந்ததால் கொக்கு காரணமில்லை. கைவலையால் அரித்துப் பார்த்தால், தட்டான் புழுக்களும் தலைகீழாக நீந்தும் நீர்ப்பூச்சிகளும்!

அடுத்த முறை, குஞ்சு விடுமுன், காற்றில்லாத மாலையில் 100 சதுர மீட்டருக்கு 560 கிராம் எண்ணெயும் 180 கிராம் சோப்பும் கரைத்துத் தெளித்தேன். மேலே வந்து மூச்செடுக்கும் பூச்சிகள் செத்தன. கெளுத்தியும் அப்படி மூச்செடுக்கும் மீன்தான். அதனால் நீர்மேல் படர்ந்த எண்ணெய்ப் படலம் முழுக்கப் போன பிறகே குஞ்சு விட்டேன்.

தட்டான் புழு இதற்கெல்லாம் சாகாது, நீருக்குள்ளேயே சுவாசிக்கும். அதற்காகவே குளத்தை நன்றாகக் காயவிட்டு, குஞ்சு வருவதற்குச் சில நாள் முன்புதான் நுண்வலை வழியாகத் தண்ணீர் விடுகிறேன். புழு வளர நேரமே கிடைப்பதில்லை.

அப்புறம், தவளைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் கரையைச் சுற்றி நைலான் வலை, அடி மண்ணில் புதைத்து.