ஈஸ்ட் தன் டி.என்.ஏ.வை எப்படி நகலெடுக்கிறது? வரைந்தே புரிந்துகொள்வோம்

ரொட்டிக்குப் போடும் உலர் ஈஸ்ட் ஒரு சிட்டிகை எடுத்து, சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு துளியை நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். உருண்டை உருண்டையாகச் செல்கள் தெரியும். சிலவற்றின் ஓரத்தில் கடுகு ஒட்டியது போல ஒரு சின்ன மொட்டு இருக்கும். மொட்டு அரும்பும் நேரமும் உள்ளே டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மொட்டு காட்டிக் கொடுத்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று வரைந்து பார்ப்போம். ஒரு வெள்ளைத் தாள், சிவப்புப் பேனா, நீலப் பேனா போதும்.

படி 1: பழைய இழைகள்

சிவப்பில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நீளக் கோடுகள் போடுங்கள். ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடுகளும் போடுங்கள். டி.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கு: ஏ, டி, ஜி, சி. ஒரு பக்கம் ‘ஏ’ இருந்தால் எதிரில் ‘டி’. ‘ஜி’ இருந்தால் ‘சி’. ஜோடி மாறாது. அதனால் இழைகளைப் பிரித்தால் ஒவ்வொன்றும் தன் துணைக்கு அச்சாக இருக்கும்.

படி 2: எங்கே தொடங்குவது?

ஆய்வகங்களில் வளர்க்கும் ஈஸ்டில் ஒரு தொகுதிக்கு 16 குரோமோசோம்கள், மொத்தம் சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள். நான்காவது குரோமோசோமில் மட்டும் சுமார் 15 லட்சம். நகலெடுக்கும் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 எழுத்துகள்தான் நகரும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். ஆனால் ஈஸ்டுக்கு இந்த வேலைக்குக் கிடைப்பதோ சுமார் அரை மணி நேரம்!

அதனால் ஒரே சமயத்தில் பல இடங்களில் தொடங்குகிறது. இப்படி சுமார் 400 தொடக்கப் புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ‘டி’ நிறைந்த, 11 எழுத்து கொண்ட ஓர் அடையாள வரிசை இருக்கும். இந்தப் புள்ளிகளை 1979இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதில் போய் உட்காரும் ஓ.ஆர்.சி. என்ற புரதக் கூட்டை 1992இல் ஸ்டீபன் பெல்லும் புரூஸ் ஸ்டில்மனும் கண்டுபிடித்தார்கள். உங்கள் ஏணியில் இரண்டு இடங்களில் வட்டமிடுங்கள்.

படி 3: டோக்கன்

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. 400 இடங்களில் தொடங்கினால், ஒரே பகுதியை இரண்டு முறை நகலெடுக்காமல் இருப்பது எப்படி? அப்படி நடந்தால் குரோமோசோம் உடையக்கூடும்.

அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் டோக்கன் கொடுப்பார்கள். கவுண்டரை மூடிய பிறகுதான் பந்தி. உட்காரும்போது டோக்கனை வாங்கிக்கொள்வார்கள். யாரும் இரண்டாவது பந்தியில் நுழைய முடியாது.

செல்லில் டோக்கன் என்பது எம்.சி.எம். என்ற வளையம். ஆறு புரதங்கள் சேர்ந்தது. நகலெடுப்புக்கு முந்தைய கட்டத்தில், ஓ.ஆர்.சி. இரண்டு துணைப் புரதங்களோடு சேர்ந்து, ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு வளையங்களை எதிரெதிராக மாட்டிவிடும். அவை அப்போதைக்குச் சும்மா இருக்கும். உங்கள் வட்டங்களில் இரண்டிரண்டு மோதிரம் வரையுங்கள்.

படி 4: கவுண்டரை மூடு, பந்தியைத் தொடங்கு

அப்புறம் சி.டி.கே. என்ற நொதியின் செயல்பாடு ஏறுகிறது. டி.டி.கே. என்ற இன்னொரு நொதியும் சேர்ந்து, மோதிரங்களோடு மேலும் சில புரதங்களை இணைக்கிறது. மோதிரங்கள் உயிர்பெற்று, ஆளுக்கொரு இழையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் ஏணியைப் பிரித்தபடி ஓடுகின்றன.

அதே சி.டி.கே.தான் புது மோதிரம் மாட்டும் வேலையையும் நிறுத்துகிறது. துணைப் புரதம் ஒன்றை அழிக்க வழிசெய்கிறது, மீதி எம்.சி.எம்.மை உட்கருவுக்கு வெளியே அனுப்புகிறது. தொடங்கி வைப்பதும் பூட்டுவதும் ஒரே கை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் வியப்பு குறைவதே இல்லை.

எல்லாப் புள்ளிகளும் ஒவ்வொரு முறையும் தொடங்குவதில்லை. பக்கத்து இயந்திரம் முதலில் வந்துவிட்டால், காத்திருந்த மோதிரம் கழன்று போய்விடும்.

படி 5: நீலப் பேனா

புது இழையை எழுதும் பாலிமரேஸ் என்ற நொதி ஒரே திசையில்தான் எழுதும். ஏணியின் இரண்டு இழைகளோ எதிரெதிர்த் திசை கொண்டவை. அதனால் ஒவ்வொரு மோதிரத்துக்குப் பின்னாலும், ஒரு சிவப்பு இழைக்கு எதிரே நீலத்தை நீளமாக ஒரே கோடாக இழுங்கள். மற்றதற்கு எதிரே துண்டு துண்டாக, பின்னோக்கிப் போடுங்கள். இவைதான் ஒகசாகி துண்டுகள். ஈஸ்டில் ஒவ்வொன்றும் சுமார் 165 எழுத்து நீளம். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இருக்கும் சின்ன ஆர்.என்.ஏ. ஒட்டு நீக்கப்பட்டு, லைகேஸ் நொதி இடைவெளியை ஒட்டும்.

இரண்டு வட்டங்களிலிருந்தும் வந்த நீலக் கோடுகள் நடுவில் சந்திக்கும்வரை வரையுங்கள். கையில் இப்போது இரண்டு ஏணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு, ஒரு நீலம்.

சரி, மறுபடி நுண்ணோக்கிக்கு வாருங்கள். தாய்ச் செல்லோடு ஏறக்குறைய போட்டி போடும் அளவுக்கு மொட்டு பெருத்த செல் ஒன்றைத் தேடுங்கள். அதற்குள் நகலெடுப்பு முடிந்திருக்கும். இரண்டு தொகுதிகளும் பிரியப்போகின்றன, இல்லையென்றால் பிரிந்துகொண்டிருக்கின்றன. அவை பிரிந்ததும் சி.டி.கே.யின் செயல்பாடு இறங்கும், டோக்கன் கவுண்டர் மறுபடி திறக்கும்.